ஸ்ப்ரிங்கை வெட்டும் முன்

சக்கரம் நான்கு – 17

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழையும்? கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்ப் பைத்தியங்கள் நாலு பேர் மாமாக் கடையில் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் பேச்சு இந்தக் கணக்கில்தான் தொடங்கும். நாலு விரல் என்றால் வண்டி கம்பெனியிலிருந்து வந்த மேனிக்கே இருக்கிறது. இரண்டு விரல் என்றால் கொஞ்சம் மரியாதை. விரலே நுழையவில்லை என்றால் எழுந்து போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வண்டி பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடச் சரிவில் எப்படி ஏறும், தாமான் வாசலில் இருக்கிற வேகத்தடையில் முன் பம்பர் என்ன ஆகும் என்பதையெல்லாம் அந்த மேசையில் யாரும் பேசுவதில்லை.

கையில் மூவாயிரம் வெள்ளி இருந்தால் அதைக் குதிரைத் திறனுக்குக் கொடுக்காதீர்கள், வளைவுக்குக் கொடுங்கள் என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். எப்படிக் கொடுப்பது என்பதுதான் இந்த வாரம். எடுத்துக்காட்டுக்குப் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயை வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்று சாதாரணக் குடும்பத்துப் பையன் கனவு கண்ட வண்டி அதுதான். அசல் ஜிடிஐ இப்போது மலிவாகக் கிடைப்பதில்லை என்பதால் 1.3, 1.5 சத்ரியாவுக்கு ஜிடிஐ வேடம் கட்டி ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கும் இது பொருந்தும்.

சத்ரியா 1994இல் வந்தது. மிட்சுபிஷி மிராஜ், லான்சர் வண்டிகளின் எலும்புக்கூடு அதற்கு. முன்னால் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்னால் மல்டி-லிங்க். அந்த விலைக்கு அது பெரிய சொத்து; அன்றைய சின்ன கார்கள் பலவற்றில் பின்பக்கம் ஒற்றை உத்திரம் மாதிரி ஒரு இரும்புதான் கிடந்தது. 1996இல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியை, அப்போது அதை வைத்திருந்த இத்தாலியரான ரொமானோ ஆர்டியோலியிடமிருந்து வாங்கியது. இரண்டு ஆண்டில் ஜிடிஐ வெளிவந்தது. 1.8 லிட்டர் டிஓஎச்சி எஞ்சின், ஏறக்குறைய 140 குதிரைத் திறன். சஸ்பென்ஷனைச் சீர்படுத்தியது லோட்டஸ் என்று வண்டியிலேயே பட்டை ஒட்டி அனுப்பினார்கள்.

அந்தப் பட்டை வெறும் விளம்பரமல்ல. லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் காலத்திலிருந்தே அவர்கள் வழி தனி வழி. ஸ்ப்ரிங்கை மிருதுவாக வைத்து, அப்சார்பரின் பிடியைக் கவனமாகக் கணக்கிடுவார்கள். மோசமான சாலையில் சக்கரம் தரையை விடாமல் ஏறி இறங்கும். உடல் மட்டும் தேவைக்கு மேல் ஆடாது. காப்பாரிலும் மேருவிலும் துறைமுக லாரிகள் தேய்த்துப் போட்ட சாலையில் ஓட்டுகிறவனுக்கு இதைவிடத் தோதான வழி என்ன இருக்கிறது? ஆனால் ஜிடிஐ வாங்கியவன் முதல் வாரத்தில் கழற்றிப் போடுவது அந்த ஸ்ப்ரிங்கையும் அப்சார்பரையும்தான். எனக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஹேண்ட்லிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்கு மறுபடியும் காசு கொடுக்கிறார்கள்.

மலிவு வழியிலேயே மிக மலிவானது ஸ்ப்ரிங்கை வெட்டுவது. கிரைண்டர் இருந்தால் போதும், கால் மணி நேர வேலை. அதில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சுருள் ஸ்ப்ரிங்கின் இறுக்கம் அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் ஐந்து. இறுக்கம் 20 விழுக்காடு கூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி இறங்கியதால், சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தில் பாதி போய்விட்டிருக்கும். இடம் பாதியாகும்போது, கூடிய 20 விழுக்காடு ஈடு கொடுக்காது. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரம் அழுந்தும்போது அப்சார்பர் தண்டில் இருக்கும் ரப்பர்த் தடுப்பில் போய் முட்டும். அந்த நொடியில் ஸ்ப்ரிங் இல்லாத வண்டி மாதிரி ஆகிவிடும். டயர் அந்தத் திடீர்ச் சுமையைத் தாங்காமல் வழுக்கும். ஓட்டுகிறவன் இதை ‘டைட்டாக இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்வான். இன்னொரு ஆபத்தும் உண்டு. வெட்டிய ஸ்ப்ரிங், சக்கரம் தொங்கும் நேரத்தில் தன் இருக்கையில் தளர்ந்து உட்காரும். மேட்டில் குதித்து இறங்கும்போது இடம் மாறிவிடக்கூடும்.

வெட்டாமல், கடையில் விற்கும் தாழ்வான ஸ்ப்ரிங்கை வாங்கிப் போட்டாலும் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. வண்டியை இறக்கினால் கீழ் ஆர்ம் சக்கரப் பக்கம் உயர்ந்து, உள்பக்கம் தாழ்ந்து சாய்ந்துவிடும். வளைவில் வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி இதனால் கீழே போகும். வண்டியின் எடை மையம் இறங்கிய அளவைவிட அது அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நெம்புகோல் நீளம் கூடும். ஆகவே தாழ்த்திய வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் இறுக்கமான ஸ்ப்ரிங், அதற்கு ஏற்ற அப்சார்பர் என்று செலவு தொடரும். கொஞ்சம், அதாவது ஓர் அங்குலத்துக்குள் இறக்கினால் பெரிய பாதகமில்லை. அதற்கு மேல் இறக்குவது அழகுக்கு. அழகு வேண்டுமென்றால் அழகுக்கென்று சொல்லிச் செய்யலாம், அதில் தப்பே இல்லை.

தாழ்ந்த வண்டிதான் வேகமான வண்டி என்று இன்னும் நினைக்கிறீர்களா? ஈப்போக்காரர் கரம்ஜித் சிங் 2002இல் உலக ராலி உற்பத்திக் கார் பிரிவில் பட்டம் வென்றார். ஓட்டியது புரோட்டோன் பெர்ட் வண்டி; அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆசியர் அவர்தான். மண் சாலை ராலியில் அந்த வண்டி நிற்கும் படத்தைத் தேடிப் பாருங்கள். மட்கார்டுக்குள் கையையே விடலாம்.

சரி, மூவாயிரம் வெள்ளிக்கு வருவோம். நல்ல போமன், அதாவது பட்டறை மெக்கானிக் ஒருவரிடம் போய் ஹை-லோ என்கிற உயரம் மாற்றும் சஸ்பென்ஷனைக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணே, ஹை-லோ போட எவ்வளவு ஆகும்?”

“டயர் எந்த வருஷம் தம்பி?”

கேட்டவன் முகம் சுருங்கும். போமன் கேட்டது சரியான கேள்வி. சாலையைத் தொடுவது டயர் மட்டும்தான், அதுவும் ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவு. டயர்ப் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நம் வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியில் ரப்பர் பூ தேயாமலே இறுகிப் போகும். அதே பக்கவாட்டில் தேய்மான எண் ஒன்று உண்டு. 400, 500 என்று இருந்தால் நாள்பட உழைக்கும், பிடி குறைவு. 200, 300 பக்கம் வந்தால் பிடி அதிகம், சீக்கிரம் தேயும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதனால் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் ஆழமாக இருப்பதையும் பாருங்கள். கிள்ளான் வட்டாரத்தில் நம்மில் பாதிப் பேரின் தாத்தா பாட்டி பால்மரம் சீவியவர்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் ரிம்முக்கு இரண்டாயிரம் வெள்ளி கொடுத்துவிட்டு அதில் பழைய டயரைப் பூட்டுவதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. பணத்தில் பாதியை டயருக்கே எடுத்து வையுங்கள்.

அடுத்தது புஷ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் படம் எடுத்துப் போடாத சாமான் இது. ஆர்ம்களின் முனையில், ஸ்டெபிலைசர் பாரில், அப்சார்பர் தலையில் எங்கெங்கு இரும்பும் இரும்பும் சேர்கிறதோ அங்கெல்லாம் ரப்பர் இருக்கிறது. கடைசி ஜிடிஐ வெளிவந்தே இருபது ஆண்டாகிவிட்டது. அந்த ரப்பர் வெடித்து, எண்ணெயில் ஊறி, உருண்டைக்குப் பதில் முட்டை வடிவில் நிற்கும். பிரேக் அழுத்தினால் சக்கரம் பின்னால் நகரும். விட்டால் முன்னால் வரும். அலைன்மெண்ட் மேடையில் எவ்வளவு நுணுக்கமாகச் சரி செய்தாலும் சாலையில் இறங்கியதும் அது கலைந்துவிடும். பழைய சத்ரியாவில் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்டு எல்லாவற்றையும் மாற்றினால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்புகிற அந்த உடனடித்தன்மை திரும்பி வரும். எந்த ஹை-லோவும் அதைத் தராது.

பொலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்பார்கள். ஸ்டெபிலைசர் பாருக்குப் போடலாம். ஆர்ம்களுக்குப் போட்டால் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிற வண்டிக்கு ரப்பரே நல்லது. பட்டறையில் ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தூக்கி நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரத்தில் கிழியும். அவசரக்காரப் பட்டறைகள் இதைச் செய்வதில்லை.

அப்சார்பருக்கு பானெட்டை அழுத்திப் பார்க்கும் சோதனை செத்துப்போனதை மட்டுமே காட்டும்; பாதி உயிரோடு இருப்பதைக் காட்டாது. தண்டில் எண்ணெய்க் கசிவு, நெடுஞ்சாலையில் மேடு தாண்டிய பின் ஒன்றுக்கு இரண்டு தடவை ஆடுவது, டயர் பூ அலை அலையாகத் தேய்வது, இவைதான் அடையாளம். கம்பெனித் தரத்துப் புது அப்சார்பர், கம்பெனி ஸ்ப்ரிங் என்ற கூட்டணியை நான் கூச்சமில்லாமல் சிபாரிசு செய்வேன். இந்தத் தொழில் நமக்கு அந்நியமும் அல்ல; ஸ்ப்ரிங்கும் அப்சார்பரும் செய்யும் ஏபிஎம் கிள்ளானுக்குப் பக்கத்தில் பண்டமாரானில்தான் இருக்கிறது.

ஹாஃப்-கட் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயச் சோதனை. செலவு தாங்காமல் நல்ல வண்டிகளையே கழித்துவிடுவார்கள். அவை பாதியாக வெட்டப்பட்டு நம் ஊருக்கு வந்து சேர்கின்றன. மிராஜ், லான்சர் எலும்பும் சத்ரியா எலும்பும் ஒன்று என்பதால் அங்கே புதையல் இருக்கிறது. ஆனால் வெறும் இரும்பாக இருப்பதை வாங்குங்கள்: ஸ்டெபிலைசர் பார், பிராக்கெட், நக்கிள். ரப்பரோ எண்ணெயோ உள்ளே இருக்கும் சாமானை, அதாவது அப்சார்பரை, புஷ் பூட்டிய ஆர்மை, பழசாக வாங்காதீர்கள். நீங்கள் கழற்றிப் போட்டதன் வயதுதான் அதற்கும்.

இதெல்லாம் முடிந்த பின்பு மிச்சப் பணத்தில் செய்யக்கூடிய உண்மையான முன்னேற்றம் பின் ஸ்டெபிலைசர் பார். எஞ்சின் முன்னால், இழுவையும் முன்னால் என்பதால் இந்த வண்டிகள் வேகமாக நுழைந்தால் வளைவுக்கு வெளியே மூக்கை நீட்டும். பின்னால் பார் கனமாக இருந்தால் சாயும்போது ஏற்படும் சுமை மாற்றத்தில் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும்; முன்டயர்களுக்கு வேலை இலகுவாகும். பார் இல்லாமல் வந்த மலிவு மாடல்களில் இந்த வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். கூடவே முன்சக்கரத்தின் மேல் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உள்பக்கம் சாய்த்து, முன் டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அலைன்மெண்ட் பாருங்கள். மொத்தப் பட்டியலில் மலிவானது இந்த அலைன்மெண்ட்தான். எல்லாம் மாற்றிய பிறகு செய்தால்தான் அதற்கு அர்த்தம்.

இதற்குப் பின்னும் ஹை-லோ வேண்டுமென்றால் கீழ் பிராக்கெட்டில் உயரம் மாற்றும் வகையைக் கேளுங்கள். ஸ்ப்ரிங் இருக்கையை மட்டும் இறக்கும் வகையில் உயரத்தோடு சேர்ந்து ஓட்ட இடமும் போய்விடும். ஸ்ப்ரிங் எத்தனை கிலோ என்று கேளுங்கள். கம்பெனி ஸ்ப்ரிங்கைவிட இரண்டு மூன்று மடங்கு இறுக்கமானதைக் கொடுத்து ‘ரேஸ் ஸ்பெக் பாஸ்’ என்பார்கள். செப்பாங்கின் வழவழப்பான 5.543 கிலோமீட்டருக்கு அது சரி. ஜாலான் மேருவில் அந்த ஸ்ப்ரிங் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையின் சோதனையும் உண்டு. வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு முன் ஆய்வு மையத்தில் நிறுத்தியாக வேண்டும். கம்பெனிச் சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டு வையுங்கள். காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.

சோதிக்க உலு யாம் வளைவுச் சாலைக்குப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாலையில் சைக்கிள்காரர்கள் வரிசையாக வருவார்கள். எதிரே வருவது தெரியாத வளைவுகள் அவை. பத்து தீகா பந்தயத் தடம் இருந்த காலத்தில் பக்கத்திலேயே வசதி இருந்தது. 1970களில் நம் ஊர்ப் பந்தய வீரர் சோனி ராஜா மார்ச் பந்தயக் காரில் அங்கே ஓடியதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2003இல் அதை இடித்தாகிவிட்டது. செப்பாங்கில் சொந்த வண்டியை ஓட்ட விடும் நாட்களில் பதிவு செய்துகொள்வதுதான் இப்போது வழி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், டயர்க் காற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின் பாரைப் புதிதாகப் போட்டிருந்தால் ஈரத்தில் வளைவின் நடுவே சட்டென்று ஆக்சிலரேட்டரை விடாதீர்கள். பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். அந்தக் குணத்தை முதலில் காலியான, அகலமான இடத்தில் மெதுவாகப் பழகிக்கொண்டு பிறகு மழைச் சாலைக்கு வாருங்கள்.

(அடுத்த வாரம்: பிரேக். பெரிய டிஸ்க் வேண்டுமா, நல்ல பேட் போதுமா?)