காங்கேயம் எருதுகளும் கொம்புப் புற்றுநோயும்

கொம்புப் புற்றுநோய் என்பது மாட்டுக் கொம்பின் உட்புறச் சளிச்சவ்வில் தோன்றும் செதிள் உயிரணுப் புற்றுநோயாகும். பிற நாடுகளில் அரிதான இந்நோய் இந்தியாவில் பரவலாகக் காணப்படுகிறது. 5 முதல் 10 வயது வரையுள்ள உழவு மாடுகளையும் வண்டி மாடுகளையும் அதிகம் தாக்குகிறது. காயடிக்கப்பட்ட எருதுகளில் மிகுதி, பசுக்களில் குறைவு, பொலிகாளைகளில் மிக அரிது.

நீண்டு பருத்த கொம்புடைய நாட்டு மாடுகளுக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது. திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம் இனமும் அத்தகையதே. பின்னலாடைத் தொழில் வளர்வதற்கு முன் கொங்குப் பகுதியில் கிணற்றில் கவலை இறைத்ததும் பஞ்சுப் பொதி வண்டி இழுத்ததும் இந்த எருதுகள்தாம். இன்று எண்ணிக்கை குறைந்து, வண்டிக்கும் ரேக்ளாவுக்கும் வளர்க்கப்படுகின்றன.

கன்றின் கொம்பில் குழி இருக்காது. மாடு வளர வளர நெற்றி எலும்பிலுள்ள காற்றறை கொம்புக்குள் நீள்கிறது. இந்தக் காற்றறை மூக்கோடு தொடர்புடையது. எனவே கொம்புக்குள் புற்று வளரும்போது அதே பக்க மூக்குத் துளையில் இரத்தம் கலந்த சளி வடிகிறது. இதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கும் தவறு. மாடு தலையை அடிக்கடி உதறும். கொம்பைக் கட்டுத்தறியிலும் மரத்திலும் தேய்க்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கும். இரு கொம்புகளையும் விரலால் தட்டிப் பார்த்தால் நல்ல கொம்பு வெற்றுக்குடம்போல ஒலிக்கும், நோயுற்றது மந்தமாக ஒலிக்கும். பின்னர் கொம்பின் அடி சூடாகி இளகும். கொம்பு தொங்கி விழும். உள்ளே காலிஃபிளவர் போன்ற சதை வளர்ச்சி தெரியும், நாற்றம் வீசும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். வெளியே புண் தெரியும் வேளையில் நோய் முற்றியிருக்கும்.

காரணம் ஒன்றே என்று அறுதியிடப்படவில்லை. நுகத்தடியும் கயிறும் ஓயாமல் உரசுவது, கொம்பு சீவுவது, கடும் வெயில், காயடிப்பால் ஏற்படும் இயக்குநீர் மாற்றம் ஆகியவை ஐயத்துக்குரியவை. இது ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது.

கொம்பு நரம்பு மரத்துப்போக ஊசி போட்டுக் கொம்பை அடியோடு அறுத்தெடுப்பதே முதன்மைச் சிகிச்சை. அத்துடன் வின்கிரிஸ்டின் மருந்தை வார இடைவெளியில் சிரை வழியே செலுத்துவர். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்து இது. திசு ஆய்வின் மூலம் நோய் உறுதி செய்யப்படுகிறது. ஒற்றைக் கொம்பு மாட்டுக்குச் சந்தையில் விலை இறங்கும் என்று உரிமையாளர் தயங்குவதுண்டு. தாமதித்தால் புற்று மண்டையோட்டுக்குள் பரவும், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் செல்லும். அதன்பின் கொம்பை அறுத்தாலும் மீண்டும் வளரக்கூடும். தொடக்கத்திலேயே அறுத்த எருது புண் ஆறியதும் மறுபடி நுகத்தில் பூட்டப்படுகிறது.

ஐயம் எழுந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாடலாம். மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.