ரொர்னாடோ: தோற்றமும் காலமும் சமூகமும்

இயற்கை அனர்த்தங்களை விதியின் செயலாகக் கொள்ளும் மனப்பாங்கு நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. அவற்றின் காரணகாரியத் தொடர்பை விளக்குவது விஞ்ஞானத்தின் பணி. அவற்றால் மடிவோர் யாவர் என வினவுவது சமூகச் சிந்தனையின் பணி. இவ்விரு நோக்கிலும் ரொர்னாடோவை இங்கு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது, கடலில் உருவாகிப் பரந்த பிரதேசத்தைத் தழுவிய சூறாவளி. ரொர்னாடோவோ இடிமுகிலின் அடியிலிருந்து நிலம்வரை நீளும் ஒடுங்கிய சுழற்காற்றுத் தூண். பெரும்பாலானவை சில நிமிடங்களே நிலைப்பன. ஆயினும் மிக வலியவற்றில் காற்றின் வேகம் மணிக்கு 400 கிலோமீற்றரைத் தாண்டும்.

இதன் தோற்றத்திற்கு முரண்பட்ட வளித்திணிவுகளின் சந்திப்பு அடிப்படையாகும். ஐக்கிய அமெரிக்காவின் சமவெளிகளில், மெக்சிக்கோ விரிகுடாவிலிருந்து வரும் வெப்பமான ஈரவளி கீழேயும், மேற்கிலிருந்து வரும் வறண்ட வளி மேலேயும் அமைகின்றன. மேலே செல்லச் செல்ல வெப்பநிலை விரைந்து குறைவதால், கீழுள்ள வளி உந்தப்பட்டதும் வேகமாக மேலெழுகின்றது. உயரத்திற்கேற்பக் காற்றின் வேகமும் திசையும் மாறுமாயின், இடைப்பட்ட வளி உருளைபோலக் கிடையாகச் சுழலும். மேலெழும் ஓட்டம் அச்சுழற்சியை நிமிர்த்த, முகில் முழுவதுமே சுழலத் தொடங்கும். பின்னர் நிலத்தருகே சுழலும் வளி மேல்நோக்கி இழுக்கப்பட்டு ஒடுங்கும்போது, அதன் வேகம் பன்மடங்காகப் பெருகுகின்றது. எனினும், இவ்வாறு சுழலும் முகில்களுட் பெரும்பாலானவை ரொர்னாடோவைத் தோற்றுவிப்பதில்லை. இறுதிக்கட்டம் இன்றும் ஆய்வுக்குரியதாகவே உள்ளது.

அமெரிக்கச் சமவெளிகளில் ஏப்ரில் முதல் யூன் வரையும், பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் இவை நிகழ்கின்றன. வங்காளதேசத்திலோ தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முற்பட்ட மார்ச் முதல் மே வரையான காலமே இவற்றுக்குரியது. ஆங்கு ஈரவளியை வழங்குவது வங்காள விரிகுடா.

இனி, இவ்வறிவு யாருக்குப் பயன்பட்டது என்பதை நோக்குவோம். 1880களிலேயே ஜோன் பின்லி என்பார் ரொர்னாடோவை முன்னறிவிக்க முயன்றார். ஆனால் மக்கள் பீதியடைவர் எனக் கருதிய அதிகாரபீடம், அச்சொல்லையே முன்னறிவிப்புகளிலிருந்து விலக்கியது. அத்தடை பல தசாப்தங்கள் நீடித்தது. 1925 மார்ச் 18இல் மிசூரி, இலினோய், இந்தியானா மாநிலங்களை ரொர்னாடோ ஊடறுத்தபோது, எச்சரிக்கை ஏதுமின்றி 695 பேர் மாண்டனர். 1948 மார்ச் 25இல் ஒக்லஹோமாவின் ரிங்கர் விமானப்படைத் தளத்தில் வெற்றிகரமான முன்னறிவிப்பு வெளியிடப்பட்டது. அதனாற் பாதுகாக்கப்பட்டவற்றுள் போர்விமானங்கள் முதன்மையானவை. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு 1952இலேயே ஆரம்பமாயிற்று. அறிவின் வளர்ச்சியும் அதன் விநியோகமும் ஒன்றல்ல என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1989 ஏப்ரில் 26இல் வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தைத் தாக்கிய ரொர்னாடோவில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தனர். அடர்த்தியாக வாழ்ந்த கிராம மக்களின் மெலிந்த குடிசைகள் காற்றைத் தாங்கும் வலிமையற்றவை. அவற்றின் தகரக் கூரைகளே பறந்து உயிர்குடிக்கும் கருவிகளாகும். செல்வம் மிக்க அமெரிக்காவிலும், நிலைத்த அத்திவாரமற்ற நடமாடும் வீடுகளில் வாழ்வோரின் இறப்புவீதம் ஏனையோரினதைவிடப் பன்மடங்கு அதிகமாகும். குறைந்த வருமானமுடையோரே இவ்வீடுகளைப் பெரிதும் நாடுகின்றனர்.

காற்று எங்கே சுழலும் என்பதை வளிமண்டலத்தின் நியதிகள் தீர்மானிக்கின்றன. அதனெதிரே உறுதியான சுவரும் உரிய நேரத்து எச்சரிக்கையும் யாருக்குக் கிட்டும் என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன. முன்னதை மாற்றுதல் எளிதன்று. பின்னது மனிதர் ஆக்கியது, ஆதலின் மனிதரால் மாற்றப்படக்கூடியது.