எதிர் மாடியில் செல்போன் டவர் வந்தால்

பக்கத்து மொட்டை மாடியில் டவர் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் தெருவே கூடிவிடுகிறது. புற்றுநோய் வரும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை அது மறைத்துவிடக் கூடாது.

டவரின் உச்சியை உற்றுப் பாருங்கள். குறுகலான, நீளமான வெள்ளைப் பலகைகள் பெரும்பாலும் மூன்று திசை பார்த்து நிற்கும். அவைதான் ஆன்டெனா. அலை பக்கவாட்டில் அகலமாகவும் மேல்கீழாக ஒடுக்கமாகவும் போகும். தரையை நோக்கிச் சில பாகைதான் சாய்ந்திருக்கும். கலங்கரை விளக்கின் ஒளிபோல அது தன் காலடியில் விழுவதில்லை, தள்ளிப் போய்த்தான் தரையைத் தொடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வலு கால் பங்காகிவிடும். ஆகவே டவருக்கு நேர் கீழே உள்ள வீட்டைவிட, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், சில மீட்டர் தள்ளியிருக்கும் ஜன்னலைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எக்ஸ் கதிரைப் போல மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் இந்த அலைகளுக்கு இல்லை. உறுதியாகத் தெரிந்த விளைவு, வலு மிகுந்தால் உடல் திசு சூடேறுவது. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சான்று குறைவு, ஆனாலும் முற்றாக ஒதுக்க முடியாது என்று பொருள். 2024-ல் வந்த, அந்நிறுவனம் கேட்டு வாங்கிய தொகுப்பாய்வு, செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு இருப்பதாகக் காணவில்லை. இந்தியா 2012 செப்டம்பரில் சர்வதேச வரம்பின் பத்தில் ஒரு பங்கையே தன் வரம்பாக வைத்தது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட்.

நம் உடம்பில் அதிகம் படுவது காதில் ஒட்டியிருக்கும் போனின் அலைதான். சிக்னல் குறைந்த இடத்தில் போன் கூடுதல் வலுவோடு அலை அனுப்பும். டவரையே விரட்டிவிட்ட தெருவில் இதுதான் நடக்கும். லிஃப்டில், ஓடும் பஸ்ஸில், ஒற்றைக் கோடு சிக்னலில் நீளமாகப் பேசாதீர்கள், இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். போனில் *#07# அழுத்தினால் அதன் எஸ்ஏஆர், அதாவது உடல் உறிஞ்சும் அலை ஆற்றலின் அளவு தெரியும். கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது.

சந்தேகம் தீரவில்லையா? அளந்து பார்க்கச் சொல்லலாம். தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ தளத்தில் உங்கள் பகுதி டவர்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். கட்டணம் செலுத்தினால் வீட்டுக்கே வந்து அளப்பார்கள். தொடக்கத்தில் வைத்த தொகை 4,000 ரூபாய். அலையைத் தவிர வேறு கேள்விகளும் உண்டு: கட்டடம் டவரின் பாரத்தைத் தாங்குமா என்பதற்குப் பொறியாளர் சான்று இருக்கிறதா, உள்ளாட்சியின் அனுமதி வாங்கினார்களா, ஜெனரேட்டர் புகையும் சத்தமும் யார் வீட்டுப் பக்கம் போகும்? பழைய கட்டடங்களில் இவைதான் உடனடி ஆபத்து. இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. “உங்கள் மாடியில் டவர் வைக்கிறோம், லட்சக்கணக்கில் முன்பணம்” என்று குறுஞ்செய்தி வரும். அரசு முத்திரையோடு போலிக் கடிதம் காட்டி, வரி, பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்பார்கள். டவருக்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் யாருக்கும் தடையில்லாச் சான்று தருவதில்லை. உண்மையான நிறுவனம் உங்களுக்கு வாடகை தருமே தவிர, முன்கூட்டி உங்களிடம் பணம் கேட்காது. ஏமாந்து அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியில் முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.