கழற்றிய தெர்மோஸ்ரற்றைத் திரும்பப் பூட்டுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ வாங்குகிறவர் முதலில் துருவைப் பார்ப்பார், பிறகு எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். தெர்மோஸ்ரற் இருக்கிறதா என்று பார்ப்பவர் அருமை. சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம், மேல் ஹோஸ் பூட்டும் மூடிக்குக் கீழே, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வால்வு அது; எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கும். மூடியைத் திறந்தால் பெரும்பாலும் வெறும் குழிதான் இருக்கும்.

"அண்ணை, அது குளிர் நாட்டுச் சாமான். எங்கட வெய்யிலுக்கு உது என்னத்துக்கு?" கராச்சுகளில் இதைக் கேட்காதவர் இல்லை. வெப்ப நாடுகள் எங்கும் இதே பழக்கம் உண்டு. ஆனால் குடாநாட்டில் இந்தப் பழக்கம் வேரூன்ற இன்னொரு காரணமும் இருந்தது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் வடக்குக்குத் தடைப்பட்டன. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய பிரித்தானிய எஞ்சின்கள் அதைத் தாங்கின. புதிய ஜப்பான் கார்கள் முனகிய காலத்தில் ஒஸ்ரின்கள் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கின. அந்த மெக்கானிக்குகளின் திறமையை எவ்வளவு போற்றினாலும் தகும்.

அப்போது பழுதான தெர்மோஸ்ரற்றுக்கு மாற்று கிடைக்காது. மூடியபடி இறுகிவிட்டால் ஹெட் வளைந்துவிடும் என்ற பயத்தில் அதைக் கழற்றி வைத்தார்கள். வேறு வழி இல்லை. ஆனால் தெர்மோஸ்ரற் காக்கும் சூடு எஞ்சினுக்கு மிகவும் தேவைப்பட்ட காலமும் அதுதான். மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாக எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய போர்ட்சன் ட்ராக்டர்களில் றேடியேற்றரை மூட ஒரு திரையே உண்டு. சூடு போதாதபோது எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ரிங்கும் பெயரிங்கும் தேயும்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. இன்று கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து சாமான் வருகிறது, லண்டனிலிருந்து உறவினரும் கொண்டுவருகிறார்கள். மைனர் 1000இன் எஞ்சின் குடும்பம்தான் மினி கார்களில் 2000 வரை ஓடியது. அதனால் அதற்கு இன்றும் தெர்மோஸ்ரற் புதிதாகச் செய்கிறார்கள். 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை பழைய கார்களின் மதிப்பையும் கூட்டிவிட்டது. எல்லாம் மாறியும் அந்தக் குழி மட்டும் வெறுமையாகக் கிடப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வெய்யில் 33 பாகை என்றாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். அது வேலை செய்யவேண்டியது 80 பாகைக்கு மேலே. நல்லூரிலிருந்து பெரியகடைக்கு ஓடுகிற சிறு ஓட்டங்களில் தெர்மோஸ்ரற் இல்லாத எஞ்சின் சூடாகவே நேரம் கிடைக்காது. மைனர் எஞ்சினில் இன்னொரு கேடும் உண்டு: வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் முன்பக்கத்தால் குறுக்கே ஓடிவிடும், பின்னால் உள்ள நாலாவது சிலிண்டர் காயும். ஓட்டப்பந்தயக் கார்க்காரர் தெர்மோஸ்ரற்றை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு வளையத்தைப் போடுவது இதனால்தான்.

எதை வாங்குவது? முதலில் எஞ்சினை அறியுங்கள். 1948இல் வந்த முதல் மைனருக்கு வாட்டர் பம்பே கிடையாது, தண்ணீர் சூட்டினாலேயே சுழலும். அதற்கு இந்தப் பேச்சே வேண்டாம். மைனர் 1000க்கு 54 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. 74, 82, 88 பாகைகளில் கிடைக்கும். 88 குளிர் நாட்டுக்கானது; உறவினர் விவரம் தெரியாமல் அதை அனுப்பிவிடக்கூடும். 74 வெப்ப நாட்டுக்கானது, பிழையில்லை. றேடியேற்றர் நல்லதென்றால் என் தெரிவு 82. றேடியேற்றர் அடைத்திருந்தால் 74 போட்டும் பயனில்லை. கொதிப்பதற்குச் சிறிது நேரம் பிந்தும், அவ்வளவுதான்.

பழைய கையிருப்பில் சுருங்கி விரியும் பெல்லோஸ் வகை அகப்படலாம். அதை விட்டு மெழுகு வகையையே கேளுங்கள். பைபாஸ் துளையை மூடும் சட்டையோ அடித்தட்டோ உங்கள் பழைய தெர்மோஸ்ரற்றில் இருந்தால் புதியதிலும் இருக்கவேண்டும். பல ஜப்பான் எஞ்சின்களுக்கும் இது பொருந்தும். விட்டம் சரியென்று அது இல்லாததைப் பூட்டினால் சுடுதண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். காற்று வெளியேறும் சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இருப்பது நல்லது.

பூட்டுமுன் ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். எண் குறித்த பாகையில் வால்வு திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பதினைந்து பாகையில் முழுதாகத் திறக்கவேண்டும். மைனரில் மூடியைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்ரட்டுகளும் துருப்பிடித்திருக்கும். மெக்கானிக்குகள் இந்த வேலையைத் தட்டிக்கழிக்க அதுவும் ஒரு காரணம். முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.

மிக முக்கியமானது தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதித்த கேத்திலின் அடியில் வெள்ளை படியும். அதே படிவு தெர்மோஸ்ரற்றையும் இறுக்கும், றேடியேற்றர்க் குழாய்களையும் அடைக்கும். புதியதைப் பூட்டுகிற அன்றே பழைய தண்ணீரை வடித்து, உள்ளே கழுவி, வடிதண்ணீரும் கூலன்ரும் நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீரை இனி றேடியேற்றருக்குள் ஊற்றாதீர்கள்.