தாயின் தேகம் சிசுவை ஏற்பது எப்படி?

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியொன்றில், தீப்பட்டுத் தோல் வெந்து கிடந்த ஓர் இளம் பெண்ணின் மேனியில், அவளுடைய உடன்பிறந்தவனின் தோலிலிருந்து எடுத்த சிறு சிறு துண்டுகளைப் பதித்து, அவை ஒட்டிக்கொள்கின்றனவா என்று தாமஸ் கிப்ஸன் என்ற ரண சிகிச்சை நிபுணரும் பீட்டர் மெடவார் என்ற இளம் விலங்கியல் ஆராய்ச்சியாளரும் உற்றுப் பார்த்துக் குறித்துவந்தார்கள். முதல் தடவை பதித்தவை சில நாள் உயிருடன் நிலைத்து, பின்னர் நைந்து உதிர்ந்தன. அதே சகோதரனிடமிருந்து மறுபடியும் எடுத்துப் பதித்தவையோ, முதல் தொகுதியைவிட வெகு சீக்கிரத்தில் அழிந்துபோயின. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் ஒருவர் சதையை மற்றவர் தேகம் அன்னியமென்று கண்டு தள்ளுகிறது என்பதும், ஒருமுறை கண்டதை ஞாபகம் வைத்திருந்து மறுமுறை இன்னும் விரைந்து தாக்குகிறது என்பதும் 1943-ல் அவர்கள் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியால் தெளிவாயின.

பத்து ஆண்டுகள் கழித்து அதே மெடவார் ஒரு கேள்வியை எழுப்பினார். உடன்பிறந்தவனின் நகத்தளவு தோலையே சகியாத ஸ்திரீயின் தேகம், பாதி தன்னுடையதும் பாதி தன் கணவனுடையதுமான லட்சணங்களைத் தாங்கிய ஒரு முழுச் சிசுவைத் தன் வயிற்றுக்குள்ளேயே பத்து மாதம் எவ்வாறு பொறுத்துக்கொள்கிறது? 1953-ல் எழுதிய கட்டுரையில் அவர் மூன்று விடைகளை ஊகமாக முன்வைத்தார்: தாய்க்கும் சிசுவுக்கும் இடையே உடற்கூற்றில் ஒரு தடுப்பு இருக்கலாம், தன்னை அன்னியமென்று காட்டிக்கொள்ளும் பக்குவத்தைச் சிசுவின் அணுக்கள் இன்னும் எய்தாதிருக்கலாம், அல்லது கர்ப்ப காலத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி மந்தப்பட்டிருக்கலாம். கர்ப்பத்தைப் பற்றி நோய் எதிர்ப்பு இயல் இன்றளவும் செய்துவருகிற ஆராய்ச்சிகள் யாவும் ஏதோ ஒரு விதத்தில் அந்த மூன்று ஊகங்களையும் சோதித்துப் பார்த்ததன் சந்ததிகளே.

அவற்றுள் இரண்டாவது முதலில் வீழ்ந்தது. கரு வளரத் தொடங்கிய சில காலத்திலேயே தந்தை வழி வந்த அடையாளங்கள் அதன் அணுக்களில் தோன்றிவிடுகின்றன. முதலாவது பாதி மெய், பாதி பொய். தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் கலவாமல் தனித்தனியே ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த எல்லையைச் சிசுவின் அணுக்கள் சில தாண்டிச்செல்கின்றன என்பதும் உண்மை. ஆண் மகவைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் மரபணு கொண்ட அணுக்கள் இருக்கக் கண்டதாக, டயானா பியாங்கி என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1996-ல் பிரசுரித்தார்கள். பெற்ற பிள்ளையின் ஓர் அம்சத்தைத் தாய் பிரசவத்துக்குப் பின்னும் தன் உதிரத்தில் சுமந்துகொண்டிருக்கிறாள் என்றால், இருவரையும் சுவரொன்று பிரித்து வைத்திருக்கிறது என்ற விடை போதாது.

மூன்றாவது ஊகந்தான் ஜனங்களின் மனத்தில் ஆழமாக வேரூன்றி நிற்பது. கர்ப்பிணியின் எதிர்ப்புச் சக்தி குன்றிவிடுகிறது என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். இன்ஃபுளூயன்ஸா போன்ற சில ஜுரங்கள் கர்ப்பிணிகளிடம் கடுமையாவது மெய்யே. ஆயினும், கர்ப்பிணிக்குப் போடும் டெட்டனஸ் தடுப்பூசிக்கு அவள் தேகம் உரிய எதிர்ப்பொருள்களைத் தக்கபடி உண்டாக்குவதோடு, அவற்றை நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் அனுப்பி, அது பிறந்தவுடன் தொப்புள் வழியாக வரக்கூடிய அந்தக் கொடிய நோயிலிருந்து அதைக் காக்கிறது. சுத்தமான பிரசவ முறைகளோடு இந்த ஊசியும் சேர்ந்து வேலை செய்ததன் பயனாகவே, தாய்மாரையும் பச்சிளங் குழந்தைகளையும் மாய்த்துவந்த டெட்டனஸ் நம் தேசத்தில் ஒழிந்ததென்று 2015-ல் அறிவிக்க முடிந்தது. மந்தப்பட்டுக் கிடக்கிற ஒரு சக்தியால் இது ஆகிற காரியமா?

அப்படியானால் விடைதான் என்ன? கருவும் கர்ப்பப்பையும் சந்திக்கிற இடத்தை நுட்பமாகப் பார்த்தால்தான் அது விளங்கும். தாயின் சதையை நேரே தொடுவது சிசு அன்று. சிசுவைச் சூழ்ந்து வளர்ந்து நஞ்சுக்கொடியாக அமைகிற டிரோஃபோபிளாஸ்ட் என்ற அணுக்களே தொடுகின்றன. மற்ற அணுக்கள் பெரும்பாலும் தமக்குரிய அடையாளச் சின்னங்களாக எச்.எல்.ஏ. என்ற புரதங்களைத் தரித்திருக்க, இவையோ, ஒட்டிய உறுப்பைத் தேகம் தள்ளிவிடுவதற்கு முக்கிய காரணமான 'ஏ', 'பி' என்ற இரண்டு வகைகளைத் தரிப்பதில்லை. 'சி' வகையையும், வேறெங்கும் அரிதாகவே காணப்படுகிற 'ஜி' வகையையும் தாயின் அணுக்களுக்குக் காட்டுகின்றன. அவற்றைப் பார்ப்பதற்காகவே காத்திருப்பதுபோல், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கர்ப்பப்பையின் உட்படலத்தில் வெள்ளணுக்கள் திரண்டு நிற்கின்றன. இவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம், புற்றணுக்களையும் வைரஸ் புகுந்த அணுக்களையும் கொல்வதாக நாம் அறிந்திருக்கிற என்.கே. அணுக்களின் இனத்தைச் சேர்ந்தவை. ஆனால் கர்ப்பப்பைக்குள் இருக்கிற இந்த அணுக்கள் கொலைத் தொழிலை ஏறக்குறையக் கைவிட்டு, வேறொரு பணியை மேற்கொள்கின்றன.

அந்தப் பணி ரத்தக்குழாய்களைச் சார்ந்தது. கர்ப்பப்பையின் சுவரில் சுருள் சுருளாக ஓடும் தமனிகள் சாதாரணக் காலத்தில் தசைநார் சூழ்ந்து, வேண்டும்போது குறுகவும் விரியவும் வல்லவை. கர்ப்பம் தரித்ததும் டிரோஃபோபிளாஸ்ட் அணுக்கள் உட்புகுந்து, தாயின் வெள்ளணுக்களுடைய உதவியோடு அந்தத் தசையைக் கரைத்து, மதகை எடுத்துவிட்டுக் கரையை அகல வெட்டிய வாய்க்காலைப் போல அத்தமனிகளை ஆக்கிவிடுகின்றன. அதன் பிறகு தாயின் ரத்தம் தடையின்றியும் நிதானமாகவும் நஞ்சுக்கொடியை நனைக்கிறது. இந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால், சிசு வளர்ச்சி குன்றுகிறது. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கண்டு, சிலவேளை வலிப்பு வரையில் போகக்கூடிய பிரி-எக்லாம்ப்சியா என்ற ஆபத்து நேருகிறது. சிசு தந்தையிடமிருந்து பெற்ற 'சி' வகைச் சின்னமும், அதைக் காண்பதற்குத் தாயின் என்.கே. அணுக்களில் உள்ள ஏற்பிகளும் ஒன்றுக்கொன்று இசையாத சில சேர்க்கைகளில் இந்த ஆபத்து மிகுதி என்று கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட் என்ற அம்மையாரின் குழுவினர் கண்டார்கள். அவர்களுடைய முடிவில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுதான்: அந்தச் சேர்க்கைகளில் தாயின் அணுக்கள் அளவுக்கு மீறித் தாக்குவதனால் தீங்கு வருவதில்லை, அவை வேண்டுமளவு கிளர்ச்சி பெறாமல் அடங்கிக் கிடப்பதனாலேயே வருகிறது.

இவற்றோடு, எதிர்ப்பு எல்லை மீறாதபடி அடக்கிவைக்கிற ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களும் கர்ப்ப காலத்தில் பெருகுகின்றன. இவற்றை நீக்கிவிட்ட பெண் எலிகளிடம் அன்னிய ஆணால் உண்டான கர்ப்பம் நிலைக்கவில்லை. இந்த அணுக்களை 1995-ல் இனங்கண்ட ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சிக்கும், வேறு இருவருக்குமாக 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை ஏற்பாடும் பிசகி, தாயின் எதிர்ப்புச் சக்தி மெய்யாகவே சிசுவைத் தாக்குகிற சந்தர்ப்பமும் உண்டு. நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்து பிறந்து, அவளுக்குக் கணவனின் ரத்தத்தை ஏற்றியபோது கடும் விபரீதம் விளைந்ததை 1939-ல் லெவினும் ஸ்டெட்ஸனும் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச் என்ற ரத்த அம்சத்தைக் கண்டறிந்தார்கள். அந்த அம்சம் இல்லாத நெகட்டிவ் ரத்தமுள்ள தாய், அது உள்ள பாசிட்டிவ் ரத்தமுள்ள சிசுவைப் பெறும்போது, பிரசவ வேளையில் சிசுவின் சிவப்பணுக்கள் சிறிது அவள் ரத்தத்தில் கலந்துவிட, அவள் தேகம் அவற்றுக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி நினைவில் வைத்துக்கொள்கிறது. முதற் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அடுத்த பாசிட்டிவ் சிசுவையோ அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்துசென்று தாக்கி, ரத்தசோகையையும் கடும் மஞ்சட்காமாலையையும், சிலவேளை மரணத்தையும் விளைவிக்கிறது. கிளாஸ்கோவில் இரண்டாம் தொகுதித் தோல் விரைந்து அழிந்ததும், இங்கே இரண்டாம் பிள்ளை மடிவதும் ஒரே ஞாபகத்தின் காரியங்கள்.

பரிகாரத்துக்கான குறிப்பு இயற்கையிலேயே கிடைத்தது. ஏ, பி, ஓ வகையிலும் தாய்க்கும் சிசுவுக்கும் ரத்தம் பொருந்தாத இடங்களில் இந்த விபரீதம் குறைவாக நேருவதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்திருந்தார்கள். உள்ளே நுழைந்த சிசுவின் அணுக்களைத் தாயிடம் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள் உடனுக்குடன் அழித்துவிடுவதால், அவற்றை ஞாபகம் வைத்துக்கொள்ள அவள் தேகத்துக்கு அவகாசமே இல்லை. அப்படியானால் ஆர்எச் எதிர்ப்பொருளையே ஊசி மூலம் செலுத்தி அதே பலனைப் பெறலாகாதா என்று, பட்டாம்பூச்சிகளின் மரபியலை ஆராய்ந்துவந்த சிரில் கிளார்க்கும் ரொனால்ட் ஃபின்னும் லிவர்பூலிலும், ஃப்ரேடா, கார்மன், பொல்லாக் ஆகிய மூவரும் நியூயார்க்கிலும் முயன்று வெற்றி கண்டார்கள். 1968-ல் அனுமதி பெற்ற அந்த ஆன்டி-டி ஊசிக்கு வேண்டிய பொருள் ரத்ததானம் செய்கிறவர்களிடமிருந்தே வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிஸன் என்பவர் தம் ஆயுளில் 1173 முறை தானம் செய்துவிட்டு, 2025-ல் தமது 88-ஆம் வயதில் காலமானார். அவருடைய கைங்கரியத்துக்கு ஈடாகச் சொல்ல எனக்கு வார்த்தை அகப்படவில்லை.

இவ்வளவு தெளிவான ஒரு வெற்றிக்கு நேர்மாறான கதையும் இத்துறையில் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். திரும்பத் திரும்பக் கரு கலைகிற பெண்களுக்குக் கணவனின் வெள்ளணுக்களை எடுத்து ஊசியாகப் போட்டால், தாயின் தேகம் அவற்றோடு பழகி அடுத்த கருவை ஏற்றுக்கொள்ளும் என்ற எண்ணத்தில், 1985-ல் லண்டனில் நடந்த ஒரு சோதனை நல்ல பலன் காட்டவே, அந்தச் சிகிச்சை தேசம் தேசமாகப் பரவிற்று. 1999-ல் கரோல் ஓபரும் அவருடைய சகாக்களும் அதைப் பெரிய அளவில், யாருக்கு எது போடப்பட்டது என்று தெரியாத முறையில் சோதித்தபோது, ஊசி போட்ட பெண்களில் கர்ப்பம் நிலைத்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்; வெறும் உப்புநீர் போட்டவர்களில் 48 பேர். நம்பிக்கையோடு கைநீட்டிய ஸ்திரீகளுக்கு அது பயன் தராததோடு, கேடு செய்திருக்கவும் கூடும் என்பதே அதன் பொருள். சித்தாந்தம் அழகாயிருப்பதும் சிகிச்சை பலிப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் துக்ககரமாக வேறெதுவும் காட்டியதில்லை.

திரும்பத் திரும்பக் கரு கலைகிறவர்களில் சிலருக்கு நிரூபணமான மருந்தும் இருக்கிறது. அவர்களுள் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற எதிர்ப்பொருள் காணப்படுகிற பெண்களுக்கு, ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துக் கொடுத்தபோது 71 சதவீதம் பேருக்கு உயிருடன் குழந்தை பிறந்தது என்றும், ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தவர்களிடம் அது 42 சதவீதமே என்றும் 1997-ல் லண்டன் மருத்துவர்கள் காட்டினார்கள். தக்க பரிசோதனையால் காரணத்தைக் கண்டு கொடுத்த மருந்து அது.

ஆகையால் வாசகர்களை, விசேஷமாகப் புதிதாக மணமான தம்பதிகளை, நான் வேண்டிக்கொள்வது இது. நம் நாட்டில் சுமார் நூற்றுக்கு ஐந்து பேருக்கு நெகட்டிவ் ரத்தம் உண்டு. மனைவியின் ரத்த வகையைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால் ஏழாம் மாதத்திலும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசியைக் கேட்டுப் பெறுங்கள். நடுவில் கரு கலைந்தாலும் ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கத் தவறாதீர்கள். அடுத்தடுத்துக் கரு கலைந்த வீடுகளில், எதிர்ப்புச் சக்தியை அடக்குவதாகச் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரையோ, கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவதோ பெருந்தொகைக்கு முன்வைக்கப்படுமானால், பணம் கட்டுமுன் அதன் பலனை எந்தச் சோதனை நிரூபித்தது என்று கேளுங்கள். பிரிட்டனில் கருத்தரிப்புச் சிகிச்சைகளைக் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு இவ்விரண்டையும் சிவப்புப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.