கையொப்பமிடுமுன் கணக்கிடுங்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த ஒரு வாரத்திற்குள், கொத்தனார் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். கையில் வழவழப்பான கல்லூரி விளம்பர ஏடு ஒன்று இருந்தது. "சாமி, பையன் மின்பொறியியல் படிக்க ஆசைப்படுகிறான். கல்லூரியிலிருந்து ஆள் வந்து பேசினார். நான்கு இலட்சம் வங்கிக் கடன் கிடைக்குமாம். படித்து முடித்து ஓராண்டு வரை ஒன்றும் கட்ட வேண்டாமாம். கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

தம் குடும்பத்தில் முதல் பட்டதாரியைக் காணும் ஆவல் அவர் முகத்தில் சுடர்விட்டது. விரல்களிலோ சிமெண்டு அரித்த புண்கள். ஆம் என்றோ இல்லை என்றோ உடனே கூற நமக்கு மனம் வரவில்லை. "முதலில் கணக்கிடுவோம்" என்று சொல்லி, பையனிடம் தாளும் பென்சிலும் கொடுத்தோம். அன்று போட்ட கணக்கை நம் குடும்பங்கள் அனைத்தின் பயன் கருதி ஈண்டுத் தருகிறோம்.

ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் நான்கு இலட்சம் பெறுவதாகக் கொள்வோம். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி மாறுபடும். எளிமை கருதி நூற்றுக்குப் பத்து என வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது மெய்யே. ஆனால் கட்ட வேண்டாம் என்பது வேறு. வளராது என்பது வேறு. முதல் ஆண்டில் 10,000, இரண்டாம் ஆண்டில் 20,000, மூன்றாம் ஆண்டில் 30,000, நான்கிலும் ஐந்திலும் 40,000 வீதம் வட்டி சேர்ந்து 1,40,000 ரூபாய் ஆகிவிடுகிறது. தவணை தொடங்கும் நாளில் கடன் நான்கு இலட்சம் அன்று, 5,40,000 ரூபாய்!

இதைப் பத்து ஆண்டுகளில் தீர்க்க வேண்டுமாயின் மாதந்தோறும் ஏறத்தாழ 7,140 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் எட்டரை இலட்சத்திற்கு மேல். பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை 5,800 அளவிற்குக் குறையும். மொத்தமோ பத்து இலட்சத்தைத் தாண்டும்.

இனி வரவைப் பார்ப்போம். தொடக்க ஊதியம் மாதம் 20,000 ரூபாய் எனக் கொண்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்கே போய்விடும். எஞ்சியதில் அறை வாடகை, உணவு, பயணம், வீட்டிற்கு அனுப்ப வேண்டியது அத்தனையும் அடங்க வேண்டும். ஓராண்டிற்குள் வேலை கிடைக்காவிடில்? பெற்றோரும் உடன் கடனாளியாகக் கையொப்பமிடுவதால் வங்கி தந்தையின் கதவைத் தட்டும். நான்கு இலட்சம் வரை பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை என்பதால், பொறுப்பே இல்லை என்று எண்ணிவிடலாகாது.

அப்படியானால் கடனே தீதா? அன்று. கந்துவட்டிக்கு வாங்கி நன்கொடை கட்டுவதைக் காட்டிலும் வங்கிக் கடன் ஆயிரம் மடங்கு மேல். கல்வியால் எழுந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. நாம் வற்புறுத்துவது, சுமையைத் தூக்குமுன் அதன் எடையை அறிய வேண்டும் என்பதே.

சுமையைக் குறைக்க வழிகளும் உள. பொதுக் கலந்தாய்வு வழியே சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை அளித்து வந்துள்ளது. நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அச்சலுகை கிட்டாது. வீடு தேடி வரும் முகவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021-இல் பொறியியலில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு வந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்திற்கு மேற்படாதவர்களுக்கு, படிப்புக் கால வட்டியை நடுவண் அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் தொடங்கியது. கல்லூரியும் படிப்பும் அதற்குத் தகுதியுடையவையா என்று வங்கியில் கேட்டு, வருமானச் சான்றைக் காலத்தில் கொடுக்க வேண்டும்.

மற்றொரு வழி பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பிற்குப் பின் மூன்றாண்டுப் பட்டயம் படித்து, பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மூன்றும் மூன்றும் ஆறு. மேல்நிலைப் பள்ளி இரண்டும் பட்டப்படிப்பு நான்கும் ஆறே. காலம் ஒன்றுதான், ஆனால் கடன் மூன்று ஆண்டுகளுக்கே போதும். இடையில் வேலை கிடைத்தால் சம்பாதித்துக்கொண்டு மேலே படிப்பதையும் எண்ணலாம். முப்பந்தல் காற்றாலைகளானாலும், 2016-இல் கமுதியில் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையமானாலும், துணை மின் நிலையமானாலும், பட்டதாரிக்கு மட்டுமன்றிப் பட்டயதாரிக்கும் அங்கே வேலை உண்டு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, விளம்பரத்தில் உள்ள மிக உயர்ந்த ஊதியத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது ஒரே ஒரு மாணவனுடையதாக இருக்கலாம். சென்ற ஆண்டு அங்கே மின்பொறியியல் முடித்த நான்கைந்து பேரைத் தேடிச் சென்று, "இப்போது என்ன வேலை? கைக்கு எவ்வளவு வருகிறது?" என்று கேளுங்கள். அவர்கள் கூறும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கிற்குத் தவணை அடங்குமாயின் துணிந்து கையொப்பமிடலாம் என்பது நம் கருத்து.

அன்று தந்தை கையொப்பமிடவில்லை. விளம்பர ஏட்டை நம் மேசையிலேயே விட்டுச் சென்றார். பையன் கலந்தாய்வில் கலந்துகொண்டு, வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வரக்கூடிய கல்லூரியில் இடம் பெற்றான். விடுதிச் செலவு நீங்கியது. கட்டணச் சலுகையும் கிடைத்தது. நான்கு இலட்சம் இரண்டு இலட்சமாகக் குறைந்தது. படிக்கும்போதே வட்டியை மாதந்தோறும் கட்டிவிட்டால், பின்னர்த் தவணை பத்து ஆண்டுகளுக்கு 2,650 ரூபாய்க்குள் அடங்கும். முதல் ஆண்டு வட்டி மாதம் 417 ரூபாய். "அது என் ஒரு நாள் கூலிக்கும் குறைவு, சாமி" என்றார் தந்தை.

"நான்காம் ஆண்டில் அது 1,667 ஆகும், அப்பா" என்று உடனே திருத்தினான் மகன். கணக்குத் தெரிந்த பிள்ளை! தந்தையின் உழைப்பு எத்தனை நாள் என்பதையும் அவன் அந்தத் தாளிலேயே கண்டுகொண்டான். அவன் படிப்பு அன்றே தொடங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றியது.