உடம்புக்குள் ஓர் உலை – 7: கிழங்கு வடித்த தண்ணீர்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மரச்சீனிக் கிழங்கு அவிக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் மாறுவதில்லை. தோலோடு உள்தோலையும் உரித்து, துண்டு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் திறந்த பானையில் கொதிக்கவிடுவார்கள். வெந்ததும் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுவார்கள். சோறு வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கிற ஊரில், கிழங்கு வடித்த தண்ணீரை மட்டும் யாரும் வாயில் வைப்பதில்லை.

காரணம் லினமரின். மரச்சீனி தன் செல்களுக்குள் சேர்த்து வைக்கும் பொருள் இது. கிழங்கையோ இலையையோ கடித்தாலும் வெட்டினாலும் செல் உடைகிறது. செல்சுவரில் இருக்கும் நொதி அப்போது லினமரினோடு சேர்கிறது. பிறப்பது ஹைட்ரஜன் சயனைடு. பச்சை இலையை மேய்ந்த ஆடு சுருண்டு விழுவது இதனால்தான். லினமரின் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் சயனைடோ சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். ஆக, பாதி விஷம் வடித்த தண்ணீரோடும் மீதி ஆவியோடும் போகிறது என்று சொன்னால் கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனால் வழி அதுதான்.

இந்த விஷம் உடம்பில் எந்த இடத்தைத் தாக்குகிறது என்று பார்த்தால், செல் சுவாசத்தின் கடைசிக் கட்டம் தெளிவாகும்.

குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடைந்து, கையில் வெறும் 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) மிஞ்சுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆக்சிஜனுக்கு அதில் வேலையே இல்லை. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்த பிறகுதான் பெரிய வரவு. அங்கே கிரெப்ஸ் சுழற்சியில் அது கார்பன் டை ஆக்சைடாகச் சிதைகிறது. அதிலிருந்து உருவிய எலெக்ட்ரான்கள் உள்சவ்வில் வரிசையாக நிற்கும் புரதங்களிடம் போகின்றன. குளச்சலில் வள்ளத்திலிருந்து கரைவரை ஆள் ஆளாக நின்று மீன் கூடையைக் கைமாற்றுவது போல, ஒவ்வொரு புரதமும் அடுத்ததிடம் கொடுக்கிறது. ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் ஆற்றல் வெளிவருகிறது. அந்த ஆற்றலில் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும் வழியில் ஏடிபி சிந்தேஸ் என்ற மூலக்கூறு சுழல்கிறது, ஏடிபி தயாராகிறது. ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 30. இதை 1961-ல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-ல் நோபல் பரிசு வந்தது.

வரிசையின் கடைசியில் நிற்பது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைத்துத் தண்ணீராக்குவது அதன் வேலை. நாம் மூச்சு வாங்குவதே பெரும்பாலும் இந்த ஒரு நொதிக்காகத்தான். அதன் நடுவில் இருக்கும் இரும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது சயனைடு. கடைசி ஆள் கை மடக்கினால் பின்னால் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். நுரையீரல் இயங்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும், ஆனால் செல் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சயனைடு நஞ்சேறியவரின் சிரை ரத்தம்கூடத் தமனி ரத்தம்போல் பளீர்ச் சிவப்பாக இருப்பது அதனால்தான்.

இந்த ஏடிபியைக் கண்டவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1929-ல் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் கண்டார்.

மீண்டும் கிழங்குக்கு வருவோம். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது. 1942-ல் பர்மா அரிசி நின்றபோது எத்தனையோ குடும்பங்களின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான். தென்னமெரிக்காவில் பிறந்த செடி என்பதைச் சொன்னால் இப்போது விளவங்கோட்டில் நம்ப ஆள் கிடைக்காது.

கிழங்குக்கு மீன் கறி என்ற சேர்க்கையிலும் விஷயம் இருக்கிறது. வடித்த பிறகும் தங்கும் சொற்ப சயனைடை, கல்லீரலில் ரோடனேஸ் என்ற நொதி தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அதற்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் புரதத்திலிருந்து வர வேண்டும். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. சாளையிலும் நெத்தோலியிலும் தாராளம். மீன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மொசாம்பிக் 1981-ல் பார்த்தது. வறட்சியில் வேறு உணவின்றி, கசப்பு மரச்சீனியைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல் தின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து முடங்கின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கோன்சோ என்று அழைக்கப்படும் அந்த நோய் வந்தால் முடக்கம் திரும்பாது.

சரி, இவ்வளவு விஷத்தை வைத்துக்கொண்டு மரச்சீனிச் செடி எப்படி மூச்சு விடுகிறது? லினமரினை ஒரு அறையிலும் நொதியை வேறு அறையிலும் பிரித்து வைத்திருப்பது ஒரு காரணம். இன்னொன்று, தாவரங்களின் மைட்டோகாண்ட்ரியாவில் மாற்று ஆக்சிடேஸ் என்று ஒரு குறுக்குவழி உண்டு. சயனைடு அதைத் தொடாது. அந்த வழியில் போனால் ஏடிபி குறைவாகவும் வெப்பம் அதிகமாகவும் கிடைக்கும். நாஞ்சில் நாட்டுத் தோட்டங்களில் சேனை பூக்கும்போது அந்தப் பூ சூடாவதற்கு இந்தக் குறுக்குவழிதான் காரணம். அந்தச் சூட்டைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)